ஞாயிறு மாலை நடை, மிச்சத்தில் ஓர் இரவுச் சாப்பாடு

பூங்காவில் நடந்துகொண்டிருக்கும்போது "ராத்திரிக்கு என்ன பண்ணுவது?" என்ற நினைப்பு வந்துவிட்டால் கால் தானாக வீட்டுப் பக்கம் விரையும். நிதானமாக நடக்க வேண்டுமென்றால் அதற்கான ஏற்பாட்டை மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு அடுக்களையிலேயே தொடங்கிவிட வேண்டும்.

காலையில் மிஞ்சிய இட்லியை ஆறியதுமே மூடி பிரிட்ஜில் வைத்திருப்பீர்கள். சாம்பாரை ஒரு கொதி விட்டு, அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, சூடு தணிந்ததும் உள்ளே வையுங்கள். சோற்றில்தான் கவனம் வேண்டும். வெந்த சோற்றிலும் சாகாமல் கிடக்கும் ஒருவகை பாக்டீரிய வித்துகள் நம் ஊர் வெக்கையில் முளைத்துப் பெருகும். அவை உண்டாக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்கு அனுப்பிவிடுங்கள். தேங்காய் போட்ட பொரியலும் சட்னியும் சீக்கிரம் ஊசிப்போகும். அவற்றை மத்தியானமே தீர்த்துவிடுவது நல்லது.

இனி நடை. சென்னையில் எனக்குப் பிடித்த இடம் மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா. அமிர்தாஞ்சனைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயர் கொண்டது. ஏறக்குறைய நான்கு ஏக்கர்தான். நிதான நடைக்கு அந்தச் சிறிய அளவே வசதி. எந்த இடத்தில் களைத்தாலும் வாசல் பக்கத்திலேயே இருக்கும். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், நாலரைக்கே போய்விடுங்கள். ஆனி, ஆடியில் ஆறரை வரை வெளிச்சம் இருப்பதால் ஐந்தரைக்குப் போனால் போதும்.

குழந்தைகள் வந்தால் முதலில் விளையாட்டுத் திடலுக்கு விடுங்கள். ஆசை தீர ஆடியபின் அவர்களே கூட நடப்பார்கள். அப்பாவோ அம்மாவோ வந்தால் அவர்கள் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். மற்றவர்கள் சுற்றும் திசையிலேயே சுற்றுங்கள். எதிரே போனால் வழிவிடுவதிலேயே பேச்சு அறுந்துபோகும். அடிகளை எண்ணும் செயலியை அணைத்துவிடுங்கள். வேலை நாள் காலைக்கு அது சரி, ஞாயிறு மாலைக்கு வேண்டாம். ஒரு சுற்று முடிந்ததும் பெஞ்சில் உட்காருங்கள். தோன்றினால் இன்னொரு சுற்று, இல்லாவிட்டால் பேச்சே போதும். நீங்கள் போகும் பூங்காவில் தூங்குமூஞ்சி மரம் இருந்தால் அதன் இலைகளைக் கவனியுங்கள். அவை மடங்கத் தொடங்கினால் இருட்டப்போகிறது, கொசுவும் வரும். அப்போது புறப்படலாம்.

வழியில் சுண்டல் வாங்கினால் ஒரு பொட்டலத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள். வீட்டில் சாப்பிட வயிற்றில் இடம் வேண்டும்.

வந்து கைகால் கழுவியதும் சாம்பாரை அடுப்பில் ஏற்றுங்கள். கெட்டிப்பட்டிருக்கும், கொஞ்சம் வெந்நீர் விட்டு நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அதற்குள் இட்லி உப்புமா ஆகிவிடும். மூன்று பேருக்கு எட்டு இட்லி. பிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு உதிர்ப்பதுதான் இதில் நுட்பம்: குளிர்ந்த இட்லி இறுகியிருப்பதால் பூப்பூவாக உதிரும், சூடான இட்லி பிசைந்த மாவாகிவிடும். வாணலியில் இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, கடுகு வெடித்ததும் உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டுத் தாளியுங்கள். ஒரு வெங்காயத்தை நறுக்கிப் போட்டு வதக்கி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் சேருங்கள். இட்லியில் ஏற்கெனவே உப்பு உண்டு, வெங்காயத்துக்கு மட்டும் போட்டால் போதும். உதிர்த்த இட்லியைக் கொட்டி, கையளவு தண்ணீர் தெளித்து, ஆவி பறக்கும்வரை மூடிவையுங்கள். இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள்; அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசக்கும்.

சோற்றையும் தண்ணீர் தெளித்து ஆவி வரச் சூடாக்கி, மசித்து, பால் விட்டு, ஆறியபின் தயிர் கலந்துகொள்ளுங்கள். ஒருமுறை சூடாக்கியதைத் திரும்ப பிரிட்ஜில் வைக்கக் கூடாது. அதனால் யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டுவிட்டு, அந்த அளவை மட்டும் வெளியே எடுங்கள்.