பழங்கலத்தின் விளிம்புச் சட்டம்

மரக்கலத்தின் பழுது நீக்குங் கலையைப் பற்றி எழுதப் புகுந்தோன், கடலை விடுத்துச் சவ்வாது மலையினின்று தொடங்குதல் சிலர்க்கு வியப்பாகலாம். ஆயினும் அக்கலையின் முதற்பாடம் அம்மலையில் வளருஞ் சந்தன மரத்திலேயே அமைந்துள்ளது. சந்தனத்தைக் குறுக்கே அறுத்து நோக்கின், நடுவே பழுப்பு நிறமுள்ள வயிரமும் அதனைச் சூழ்ந்து வெண்மரமும் காணப்படும். நறுமணம் வயிரத்திற்கே உரியது. முற்காலத்தில் வெட்டிய கட்டைகளைச் சில திங்கள் நிலத்திலே கிடத்தி விடுவதுண்டு. கறையான் வெண்மரத்தைத் தின்று வயிரத்தைத் தீண்டாது விடும். தச்சனுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அகத்தே காழுடையதனை மரமென்றும், புறத்தே காழுடையதனைப் புல்லென்றும் தொல்காப்பியர் வகுத்த காழ் என்பது இவ்வயிரமே.

சந்தனத்தாற் கலஞ் செய்வாரில்லை. அம்மலையிலும் அது களவினால் மிக அருகிவிட்டது. ஆனால் தேக்காயினும் வேம்பாயினும் விதி ஒன்றே. 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர்த் துறையை அடைந்த அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்பமரங் கொண்டு கட்டப்பட்டது. அதனை அங்குச் செலுத்திச் சென்றோரும் அவ்வூர் மாலுமிகளே. வீட்டு முற்றத்து மரம் பெருங்கடல் கடந்தமைக்கு அதன் வயிரமும் தச்சரது தேர்ச்சியுமே காரணமாம்.

பழைய படகொன்றின் மேல்விளிம்பைச் சுற்றி ஓடும் சட்டம் அழகு கருதி மட்டும் வைத்ததன்று. துறையில் நேரும் உராய்வை அது தாங்குகிறது. பலகைகளின் விளிம்பை மூடி நீர் புகாது காக்கிறது. ஆதலின் முதலிற் கெடுவதும் அதுவே. உப்புநீரே மரத்தைக் கெடுப்பதென்று பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. மக்கச் செய்யும் பூஞ்சணத்திற்கு உப்பு ஆகாது. மூட்டுகளிலும் மரத்தின் வெட்டுமுகங்களிலும் தங்கும் மழைநீரே அதற்கு உணவு. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்கிற்குக் குறைந்திருப்பின் அப்பூஞ்சணம் வளராது. வெடித்த மெருகின்மேல் மற்றொரு பூச்சுப் பூசுவோர், உட்புகுந்த நீரைச் சிறையிட்டு வைப்போரே யாவர்.

பழுதின் எல்லையைக் கண் காட்டாது. கூரிய ஊசியே காட்டும். ஊசி எளிதில் இறங்குமிடம் மக்கியது. அவ்வளவோடு நில்லாமல், உறுதியான மரம் தோன்றியபின் அதற்கப்பாலும் சிறிது நீக்குதல் வேண்டும். மனம் இரங்கி விட்டுவைத்த விரலளவு மக்கல் புதிய சட்டத்தையும் சில மழைக்காலங்களிற் கெடுத்துவிடும். பெயர்த்த துண்டினை அடுப்பிலிடலாகாது. புதியதற்கு அதுவே அளவு.

புதிய துண்டு பழைய மரத்தின் இனத்ததாய், முற்றும் வயிரமாய், நன்கு உலர்ந்ததாய் இருத்தல் வேண்டும். அங்குலக் கனத்திற்கு ஓராண்டு உலர்த்துவது பழைய வழக்கு. வளைவு மிகுந்த இடத்திற்கு, அங்குலக் கனத்திற்கு ஒரு மணி நேரம் என்னுங் கணக்கில் ஆவியில் வைத்து, சூடு ஆறுமுன் வளைத்துப் பிணிக்க வேண்டும். பழையதும் புதியதும் சேருமிடத்தில் நேர்வெட்டுப் பொருத்து நில்லாது. இரண்டையுஞ் சரிவாகச் சீவி ஒன்றன்மேலொன்று படியச் செய்தல் வேண்டும்; சரிவின் நீளம் கனத்தைப் போல் 8 மடங்கிற்குக் குறையலாகாது, 12 மடங்காயின் மிக நன்று. இவ்வேலையிற் பொறுமை இழப்போர் பலர்.

இரும்பாணி துருப்பிடித்துத் தன்னைச் சூழ்ந்த மரத்தையுங் கருக்கிக் கெடுக்கும்; செம்பு அல்லது வெண்கலத் திருகாணியே தக்கது. அதன் தலையை மூடும் மரமுளையின் இழையோட்டம் சட்டத்தின் இழையோட்டத்தோடு ஒத்திருக்கட்டும். சட்டத்தின் அடியில் முன்னோர் ஈயவெள்ளைக் களிம்பு இட்டனர். அது நச்சுப்பொருளாதலின் இக்காலத்தில் இளகுந்தன்மையுள்ள வேறு களிம்புகளை இடுகின்றனர். ஒருபோதும் விடாத கெட்டிப் பசையால் அடிமுழுதும் ஒட்டிவிடுவாரும் உளர். அவர்தஞ் சட்டத்தைப் பின்னொருநாட் பெயர்க்க நேருந் தச்சன், அதனோடு பலகையையும் பிளக்க வேண்டியவனாவான்.