தடை போட்டால் தீருமா?

"ஹோம்வொர்க் எல்லாம் சாட்ஜிபிடிதான் எழுதுது!" என்று பிள்ளையைத் திட்டுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் அதற்குத் தடை போட்டன; மே மாதமே விலக்கிக்கொண்டன.

பிள்ளைகளையே பரிசோதிக்க விடுங்கள். நன்றாகத் தெரிந்த பாடத்தில் பத்துக் கேள்வி கேட்கட்டும். பதிலைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்தட்டும். தப்பையும் அது அடித்துச் சொல்லும் என்பது அவர்களுக்கே புரியும்.

பிறகு, 'நீங்களே சட்டம் போடுங்க' என்று சொல்லுங்கள். முதலில் சொந்த முயற்சி. பெயர், போட்டோ தரக்கூடாது. உடம்புக்கு ஒண்ணுன்னா மிஷின்கிட்ட இல்லை, அம்மாகிட்ட... வகுப்பிலும் இப்படி எழுதி ஒட்டலாம். வகுப்பறைக்குக் குறைந்தபட்ச வயது 13 என்பது 2023-ல் யுனெஸ்கோ சொன்ன யோசனை.

தானே போட்ட கோட்டைத் தாண்ட எந்தப் பிள்ளையும் ஒரு நிமிஷம் யோசிக்கும்!