சத்தம் வேறு, புல்லிங் வேறு

அன்புள்ள தம்பிக்கு,

உன் 2015 ஸ்விஃப்ட்டுக்கு ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் கூம்பு ஃபில்டரும் மாட்டினால் போடிமெட்டு மலை ஏறும்போது புல்லிங் கூடுமா என்று கேட்டிருந்தாய். கூடாது. அத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் உன் நண்பன் சைலன்சர் மாற்றிய அன்றே 'வண்டி தெறிக்குது' என்றானாமே, அது மனதில் தைத்துவிட்டது. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்த பிள்ளைகளே குதிரைத்திறனைக் காதால் அளந்தால், நாங்கள் லேபில் டைனமோமீட்டரைக் காட்டிப் பாடம் நடத்தியது எதற்கு?

நான்கு ஸ்ட்ரோக் கதையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணக்குக்கு வா. நியூட்டன் மீட்டரில் டார்க், அதை நிமிடச் சுற்றால் பெருக்கி 7,100-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிக்கொண்டு மெட்டு ஏறும் ஜீப்புகளைத் தினமும் பார்க்கிறாய். அந்தக் குடும்பத்துப் பழைய பொலேரோவை எடுத்துக்கொள். 2,523 சிசி டீசல், அதிகபட்சம் 63 குதிரைத்திறன்தான். உன் ஸ்விஃப்ட்டுக்கு 83. காகிதத்தில் நீ ஜெயித்துவிட்டாய். ஆனால் பொலேரோவின் 195 நியூட்டன் மீட்டர் 1,400 சுற்றிலிருந்து 2,200 சுற்றுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. 2,000 சுற்றில் அது தருவது 55 குதிரை. உன் வண்டியின் உச்ச டார்க் 115; அதுவும் 4,000 சுற்றில்தான். 2,000 சுற்றிலேயே அது முழுதாகக் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் 32 குதிரைக்கு மேல் வராது. அடிவாரத்து முந்தல் தாண்டிப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் நீ ஓட்டுவது எந்தச் சுற்றில்? அங்கே கிடைப்பதுதான் உன் புல்லிங். 83 என்ற எண் 6,000 சுற்றில் கிடைப்பது. அந்த மலையில் நீ அதைத் தொடப்போவதே இல்லை.

அகலமான சைலன்சர் குழாய் கைவைப்பது அந்த 6,000 பக்கத்தில்தான். மேலே ஓரிரு குதிரை கூடலாம். கீழே புகையின் வேகம் குறைந்து, இருப்பதும் கொஞ்சம் போகும். கூம்பு ஃபில்டர் இன்னும் மோசம். கம்பெனி வைத்த குழாய் வெளிக்காற்றை இழுக்கிறது. கூம்பு பானட்டுக்குள் இருக்கும் சூட்டை இழுக்கும். வெளியே 30 டிகிரி, உள்ளே 60 என்று வை. காற்றின் அடர்த்தி ஒன்பது சதவீதம் குறைந்துவிடும். போடியிலிருந்து மெட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். அந்த உயரத்தில் இயற்கையே எடுத்துக்கொள்ளும் காற்றும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதாவது இன்னொரு மெட்டைக் காசு கொடுத்து வாங்கி பானட்டுக்குள் வைக்கிறாய்.

செலவே இல்லாத வழி உன் இடது கையில் இருக்கிறது. மூன்றாவது கியரில் 2,000 சுற்றில் திணறும்போது இரண்டாவதுக்கு வா. சுற்று 3,000-ஐ ஒட்டும், சக்தி ஐம்பதை நெருங்கும். இன்ஜின் கத்தினால் கெட்டுவிடும் என்று நம் பக்கத்தில் பயப்படுகிறார்கள். குறைந்த சுற்றில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து இழுப்பதுதான் கெடுதல். பெட்ரோல் கலவை தானே வெடித்துத் தட்டும் நாக்கிங் வருவது அப்போதுதான், பேரிங் அடிவாங்குவதும் அப்போதுதான். இதை எத்தனை பேட்சுக்குத்தான் சொல்வது!

நாக்கிங் என்றதும் ஹாரி ரிக்கார்டோ ஞாபகம் வருகிறார். பெட்ரோல் இன்ஜினின் சக்திக்கு வேலி போடுவது எது என்று கண்டுபிடிக்கவே, ஓடும்போதே அமுக்க விகிதத்தை மாற்றக்கூடிய ஒரு இன்ஜினை நூறு வருடத்துக்கு முன் கட்டினார். வேலி நாக்கிங்தான் என்று காட்டினார். அவர் எழுதியதை இன்றும் எடுத்துப் படிக்கிறேன், தலைமாட்டிலேயே கிடக்கிறது. தனியாக டர்போ வாங்கி மாட்டலாமா என்று நீ கேட்டதற்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. உன் இன்ஜின் ஏற்கெனவே உயர்ந்த அமுக்க விகிதத்தில் ஓடுகிறது. அதன் மேல் காற்றைத் திணித்தால் பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல் தாங்காது.

முறையாகச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார். கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், ராலி வீரர் ஜெ. ஆனந்த் வளர்த்த நிறுவனம். அவர்களும் டாடா மோட்டார்ஸும் கூட்டாக 2018-இல் டியாகோ ஜேடிபி கொண்டுவந்தார்கள். அன்றைய சாதாரண டியாகோ பெட்ரோலுக்கு 85 குதிரை, 114 நியூட்டன் மீட்டர். ஜேடிபிக்கு 114 குதிரை, 150 நியூட்டன் மீட்டர். பழைய இன்ஜினில் டர்போவை ஒட்டவில்லை. டர்போவுக்கென்றே செய்த 1.2 லிட்டர் இன்ஜினை எடுத்தார்கள். அதோடு விட்டார்களா? காற்றுப் பாதை, சைலன்சர், கியர் விகிதம், சஸ்பென்ஷன், சக்கரம் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினார்கள். கியர் விகிதத்தில் கைவைத்தார்கள் என்பதை அடிக்கோடிட்டுப் படி. 150 நியூட்டன் மீட்டரும் 2,000 சுற்றிலேயே வந்துவிடும். மலைக்கு வேண்டியது அதுதான்.

அதே ஊர்க்காரர் கரிவரதன் இன்ஜினைத் தேடிப் போகவில்லை, எடையைக் குறைத்தார். மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினையே லேசான ஒற்றை இருக்கை ரேஸ் காரில் வைத்து ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். 1995-இல் விமான விபத்தில் போய்ச்சேர்ந்தார். என் தலைமுறைக்கு அது பேரிழப்பு. ரேஸ் வீரர் நரேன் கார்த்திகேயன் முதலில் பழகியது அந்த வண்டியில்தான். நீயும் எடையைக் குறை: உன் டிக்கியில் கிடக்கும் சப்வூஃபர் பெட்டியை முதலில் இறக்கு.

சட்டத்தையும் மறக்காதே. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இருக்கிறது. கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு முரணாக மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கே கேரளத்திலிருந்து போனது. மெட்டைத் தாண்டினால் நீ கேரள எல்லையில் நிற்கிறாய்.

வண்டி உண்மையிலேயே முன்னைப்போல் இழுக்கவில்லை என்றால் குறை வேறெங்கோ இருக்கிறது. தேனியில் நல்ல மெக்கானிக்கிடம் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடு. நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும்; பாதிப்பேர் இதைச் செய்வதில்லை. கிளட்ச் வழுக்குகிறதா, ஏர் ஃபில்டரில் தூசி எவ்வளவு, டயரில் காற்று எவ்வளவு என்றும் பார். நாலு சிலிண்டர் ரீடிங்கையும் வரிசையாக எழுதி அனுப்பு. எது மற்றதைவிடக் குறைவு என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்
தேனி