மிதியைத் தொடாதபோதும் இரையும் இயந்திரம்: பழைய வாகனங்களில் காரணம் அறிதல்

அக்சிலரேட்டர் மிதியைத் தொடாதபோதும் பழைய காரின் இயந்திரம் தானாக வேகமெடுத்து இரையுமாயின், அது எவ்வேளையில் நிகழ்கின்றது என்பதை முதலில் கவனித்தல் வேண்டும். உதிரிப்பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் வீண்செலவை இக்கவனிப்பே பெரும்பாலும் தவிர்க்கும்.

குளிர்காலக் காலையில் இயக்கியவுடன் சுழற்சிமானி 1,200 அளவைக் காட்டி, பின்னர் மெல்ல இறங்குவது பழுதன்று. சூடேறிய பின் பெரும்பாலான பெற்றோல் கார்கள் நிமிடத்திற்கு 700 முதல் 900 சுழற்சிகளில் நிலைகொள்ளும். அவ்வாறு இறங்காமலோ, ஏறியிறங்கி அலைந்தோ இருப்பின், கணக்கில் வராத காற்று இயந்திரத்தினுள் புகுவது வழக்கமான காரணமாகும். முதிர்ந்த இறப்பர்க் குழாய்கள் வெடித்திருக்கலாம். காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வில் கரி படிந்திருக்கலாம். இவற்றுள் பிரேக்கிற்கு வலுவூட்டும் குழாயின் கசிவே அஞ்சத்தக்கது. பிரேக்கை மிதிக்கையில் சீறல் ஒலி எழுந்து, மிதியும் வழமையிலும் கடினமாக இருப்பின், அவ்வாகனத்தை ஓட்டலாகாது. திருத்தகத்திற்கு இழுத்துச் செல்வித்தலே முறை.

மிதி முழுதாக மேலெழாவிடில், தரைவிரிப்பு அதில் சிக்கியுள்ளதா எனப் பார்க்க. செலவில்லாத இச்சோதனையைப் பலர் மறந்துவிடுகின்றனர். கேபிளால் இயங்கும் பழைய கார்களில் அது துருப்பிடித்தோ இழை பிரிந்தோ இறுகுவதுமுண்டு. ஓடும்போது சுழற்சி மட்டும் ஏறி, வேகம் ஏறாவிடில், தேய்ந்த கிளச் வழுக்குகின்றது எனலாம், இயந்திரத்தைக் குறைகூறுவதற்கில்லை.

வீதியில் இது நிகழுமாயின், பிரேக்கை விட்டுவிட்டு மிதியாது ஒரே சீராக அழுத்தி, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, ஓரமாக நின்ற பின்னரே இயந்திரத்தை நிறுத்துக. ஓடுகையில் திறப்பை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும். டீசல் வாகனம் நிறுத்திய பின்னரும் அடர்புகையுடன் இரையுமாயின், அது பெரும்பாலும் தன் மசகெண்ணெயையே எரிக்கின்றது. பொனட்டைத் திறவாமல், அனைவரும் இறங்கி விலகி நின்று 999ஐ அழைக்க வேண்டும்.

செல்லுபடியாகும் எம்.ஓ.டி. சான்றிதழ் இருந்தாற் போதும் என்னும் எண்ணம் பரவலாக உண்டு. அச்சான்றிதழ் சோதனை நாளின் நிலையையே காட்டும். 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 40ஏ பிரிவின்படி, ஆபத்தான நிலையிலுள்ள காரை ஓட்டுபவருக்கு 2,500 பவுண் வரை அபராதமும் 3 தண்டப்புள்ளிகளும் விதிக்கப்படலாம். சான்றிதழ் கையில் இருப்பினும் இது பொருந்தும்.