உடம்பும் உயிர்விழிப்பும்

திருமூலர் அருளிய திருமந்திரம் பத்தாம் திருமுறையாகும். 9 தந்திரங்களைக் கொண்டது. அதன் முதல் தந்திரம் யாக்கை நிலையாமையை வலியுறுத்துகிறது. மூன்றாம் தந்திரமோ உடம்பைப் பேணும் வழிகளைக் கூறுகிறது. இது முரணன்று. உடம்பு அழியக்கூடியது என்பதனாலேயே, அது நிலைக்கும் காலத்திற்குள் மெய்யறிவு பெறுதல் வேண்டும். முன்பு உடம்பை இழிவாகக் கருதியிருந்த தாம், அதனுள் இறைவன் உறைவதை அறிந்தபின் அதனைப் பேணத் தொடங்கியதாக அவர் உரைக்கிறார்.

மூச்சை நெறிப்படுத்தினால் மனம் அடங்கும். மூலாதாரத்தில் உறங்கும் குண்டலினி ஆற்றல் விழித்து, ஆறு ஆதாரங்களையும் கடந்து உச்சியை எய்தும். அங்கு உயிர் சிவத்தை உணரும் என்பது யோக நெறியின் கொள்கை. ஆகவே, உடம்பை வெறுத்தலும் அதன் விருப்பத்திற்கே வாழ்தலும் திருமூலர் நெறியல்ல. உயிர் விழிப்புறுவதற்குரிய கருவியாக அதனைக் காத்தலே அவர் காட்டும் வழியாகும்.