மிரண்டு வந்த நாய் வீடு பழக

அடிபட்டோ பட்டினியிலோ கிடந்த நாயை யாரோ மீட்டு, காயம் ஆற்றி, உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள். அதற்கு இனி நல்ல காலம் என்பது உங்களுக்குத் தெரியும். நாய்க்குத் தெரியாது. பிடித்தார்கள், வண்டியில் ஏற்றினார்கள், ஊசி குத்தினார்கள், இப்போது ஏதோ ஒரு புது இடம். அது அறிந்தது இவ்வளவுதான். அதனால்தான் கட்டிலடியில் புகுந்து நடுங்குகிறது. கீழே உள்ள எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: எப்போது, எவ்வளவு கிட்டே வருவது என்பதை நாய் முடிவு செய்யட்டும்.

செய்ய வேண்டியவை

நாய் வருவதற்கு முன்பே அதற்கொரு மூலை ஒதுக்குங்கள். மாடிப்படிக்கு அடியிலோ, ஆள் நடமாட்டம் குறைந்த அறையிலோ பழைய சேலையை மடித்துப் போட்டு, பக்கத்தில் தண்ணீர் வையுங்கள். தெருவைப் பார்த்த திண்ணை சரிவராது. புதுக்கோட்டை வெயிலுக்கு மொட்டைமாடியும் ஆகாது. மிரண்ட நாய் அங்கிருந்து குதித்தும் விடும்.

வாசலைக் கவனியுங்கள். முதல் சில வாரங்களில் பெரிய ஆபத்து நாய் ஓடிவிடுவதுதான். நம் ஊர்களில் பால்காரர், தண்ணீர் கேன், சிலிண்டர் என்று வாசல் திறந்தபடியே இருக்கும். கம்பிக் கதவைத் தாழிடும் பழக்கத்தை வீட்டில் எல்லோரும் ஏற்க வேண்டும். கழுத்துப்பட்டையில் உங்கள் செல்போன் எண் இருக்கட்டும். வெளியே போகும்போது கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாமல் மார்பைச் சுற்றும் ஹார்னஸையும் போடுங்கள். பயந்த நாய் பின்னோக்கி இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும். நாய் ஓடிவிடாமல் காப்பதில் சட்டப் பொறுப்பும் இருக்கிறது. தெருநாயைத் தத்தெடுத்தவர் அது மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவேளை ஓடிவிட்டால் கூட்டமாகத் துரத்தாதீர்கள். கடைசியாகப் பார்த்த இடத்தில், சத்தம் அடங்கிய நேரத்தில், பழகிய ஒருவர் மட்டும் சாப்பாட்டோடு தரையில் உட்கார்ந்து காத்திருக்கட்டும்.

எதிரே நிற்காமல் பக்கவாட்டில் உட்காருங்கள். கண்ணுக்குள் பார்க்காதீர்கள். அவித்த முட்டையோ எலும்பில்லாத கோழித் துண்டோ கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எடுத்துக்கொண்டு ஓடினால் ஓடட்டும்.

சாப்பாடும் வெளியே போவதும் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். மிரட்சி தெளிய மூன்று நாள், வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம், தன் வீடு என்று உணர மூன்று மாதம் என்பது நாய் மீட்பாளர்களிடையே வழங்கும் கணக்கு. அதைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்; மிகவும் அடி வாங்கிய நாய்க்கு ஒரு வருடம்கூட ஆகலாம்.

முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பிடாமல் சுருண்டு கிடப்பதைப் பயம் என்று நினைப்போம். உண்ணிக் காய்ச்சலிலும் நாய் அப்படித்தான் கிடக்கும். காதில் சிறு வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் காயமல்ல, கருத்தடை செய்த அடையாளம். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டும். சிக்கலான நோய் என்றால் புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இனி வேட்டுச் சத்தம். புதுக்கோட்டை மாவட்டத்தில் நாய் வளர்ப்பவர்கள் இதை ஆண்டு முழுக்க நினைவில் வைத்தாக வேண்டும். தையில் ஊருக்கு ஊர் ஜல்லிக்கட்டு, மாசியில் திருவப்பூர்த் திருவிழா, பங்குனியில் நார்த்தாமலைத் திருவிழா என்று மைக் செட்டும் கொட்டும் வாணவேடிக்கையும் ஓயாது. தீபாவளிக்காவது காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு 2018 முதல் நேரம் குறித்து வருகிறது. பலர் மீறினாலும் நாம் ஆயத்தமாக ஒரு கணக்கு கிடைக்கிறது. கோயில் வேட்டுக்கு விழாக் குழுவினரிடம்தான் நேரம் கேட்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள், சொல்வார்கள். சத்தம் தொடங்குவதற்கு முன்பே நாயை வெளியே கூட்டிப்போய் வந்து, சாப்பாடு வைத்து, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் டிவியையும் ஓடவிட்டுக் கூடவே இருங்கள். அது உங்கள் மேல் சாய்ந்தால் தடவிக்கொடுங்கள். தேற்றினால் பயம் கூடும் என்பது தவறான நம்பிக்கை. வேட்டுக்குச் சுவரைப் பிறாண்டி ரத்தம் வரவைத்துக்கொள்ளும் நாய்களும் உண்டு. அவற்றுக்கு முன்கூட்டியே கொடுக்க மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டிலிருக்கும் தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

செய்யக்கூடாதவை

ஒளிந்த இடத்திலிருந்து இழுக்காதீர்கள். ஓட வழியில்லாத நாய் கடிக்கும்.

சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லோரையும் முதல் வாரமே கூப்பிட்டுக் காட்டாதீர்கள். பிள்ளைகளை நாயோடு தனியே விடாதீர்கள். அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டே போகக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாதீர்கள், கட்டிப்பிடிக்காதீர்கள். வந்த அன்றே குளிப்பாட்டுவதும் வேண்டாம்.

உறுமினால் அடிக்காதீர்கள், குச்சியையோ செருப்பையோ ஓங்காதீர்கள். உறுமல், "இதற்கு மேல் வராதே" என்று நாய் கொடுக்கும் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். உறுமுவதற்கும் முன்பாக வாலை இடுக்கும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும். அப்போதே இரண்டடி பின்வாங்குங்கள்.

நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டாதீர்கள். பயந்த நாய்க்கு விலகிப்போகும் வழி ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்.

சாக்லேட், வெங்காயம், திராட்சை, வெந்த கோழி எலும்பு எதையும் கொடுக்காதீர்கள். பிஸ்கட்டை மட்டும் போட்டு வளர்க்கவும் வேண்டாம்.

கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள்; ஊசி இலவசம். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிடக்கூடாது.

பத்து நாளில் வாலாட்டவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இடம் மாற மாற அதன் பயம் கூடுகிறது. உண்மையாகவே வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். அவர் வேறு வீடு பார்க்கும்வரை நாய் உங்களிடமே இருக்கட்டும். இரவோடு இரவாக வேறு ஊரில் இறக்கிவிட்டு வராதீர்கள்.