ஏரி வாரியமும் இரட்டைக் குழியும்

உத்திரமேரூர் என்றதும் குடவோலைத் தேர்தலே நம் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் அங்குப் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை ஊன்றிப் படிப்போமாயின், வேறொரு பாடமும் கிடைக்கும். 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்த அவ்வூரில், ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் ஒன்று இருந்தது. அதன் உறுப்பினர் அறுவர். பதவிக்காலம் 360 நாட்கள். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பதவிக்குத் தகுதியற்றவராயினர். பொதுப்பணிக்கு ஆள் குறித்தல், காலம் வரையறுத்தல், கணக்குக் கேட்டல் ஆகிய மூன்றும் அன்றே நம் முன்னோர் கண்ட முறையாகும்.

அன்று ஏரி தூர்ந்து போகாமற் காப்பதே பெருங்கவலை. இன்று அதனோடு கழிவுநீரும் ஒரு கவலையாகிவிட்டது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் என்று அளவு வகுத்தது. ஐவர் உள்ள குடும்பத்திற்கு இது 275 லிட்டர். அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 220 லிட்டர், கழிவுநீராக வெளியேறும். நூறு வீடுகள் உள்ள சிற்றூரில் இது நாள்தோறும் 22,000 லிட்டராகும். போக வழி அமைக்காவிடில், நீர் தாழ்ந்த இடத்தையே நாடும்; நம் ஊர்களில் தாழ்ந்த இடம் பெரும்பாலும் குளமும் ஏரியுமே.

இதற்கு வழி காணும் ஆராய்ச்சி நமக்குப் புதிதன்று. 1950களில் மத்திய சுகாதார அமைச்சகம், வங்காளத்துச் சிங்கூர், தில்லியை அடுத்த நஜஃப்கர், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துப் பூந்தமல்லி ஆகிய மூன்று இடங்களில் சுற்றுப்புறச் சுகாதார ஆராய்ச்சி நடத்தியது. உத்திரமேரூரும் அப்பொழுது அதே மாவட்டத்தைச் சேர்ந்ததே. அம்முயற்சியில் உருவான கழிப்பறைப் பீடத்தில் 2 செண்டிமீட்டர் ஆழத்திற்கு நீர் தேங்கி நிற்கும். அந்நீரே ஈயையும் நாற்றத்தையும் தடுத்துவிடும். ஒன்றிரண்டு லிட்டர் நீர் ஊற்றினாற் போதும்.

இத்தகைய பீடத்துடன் இரு குழிகளை இணைப்பதே இரட்டைக் குழி முறை. குழியின் சுவரில் இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்க வேண்டும். அடியில் காரை பூசலாகாது. முதற்குழி நிரம்பியதும் வழியை அடைத்து, இரண்டாவதற்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழியை ஈராண்டு தொடாது விட்டுவைத்தால், கழிவு மக்கி உலர்ந்த எருவாகும். மனிதர் குழியில் இறங்கிக் கழிவை அள்ளும் இழிவுக்கு அதன்பின் இடமில்லை. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே குறைந்தது 10 மீட்டராவது இருத்தல் வேண்டும். ஏரிக்கரையோரம் போன்று நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை.

குளித்த நீரையும் பாத்திரம் துலக்கிய நீரையும் இக்குழிகளில் விடலாகாது. அந்நீரை முதலில் சிறு வடிகட்டும் தொட்டியில் விட்டு, எண்ணெய்ப் பசையும் மண்டியும் தங்கியபின், கல் நிரப்பிய உறிஞ்சு குழிக்கோ வாழைக்கோ பாய்ச்சலாம். களிமண் நிலம் நீரை எளிதில் உறிஞ்சாது. ஆகவே, முதலில் சிறு பள்ளம் தோண்டி நீரூற்றி, அது எவ்வளவு நேரத்தில் வற்றுகிறதென்று பார்த்த பின்னரே குழி அமைத்தல் நலம். வடிகட்டும் தொட்டியை அவ்வப்போது சுத்தம் செய்யாவிடில், குழி விரைவில் அடைபட்டுப் பயனற்றுப் போகும்.

குழிகள் கட்டப்படுவது ஒருமுறை; அவற்றைப் பேணுவதோ என்றென்றும். தொட்டியைத் துப்புரவு செய்வது யார்? குடிநீரைச் சோதிப்பது யார்? ஏரிக்குள் சாக்கடை விழுகிறதா என்று பார்ப்பது யார்? உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22, தமிழகத்தில் இப்பொழுது கிராம சபை கூடும் நாட்களுள் ஒன்று. அன்று ஒவ்வோர் ஊராட்சியிலும் இவ்வினாக்களைக் கேட்போம்; பொறுப்பேற்றோரின் பெயரை எழுதி வைப்போம்; அடுத்த ஆண்டு அதே சபையில் கணக்குக் கேட்போம். ஏரி வாரியம் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே.